நாலே முக்கால் கிகாஹெர்ட்ஸில் என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் ஒன்று சொன்னால் ஐந்து வினாடி கழித்துத்தான் அது எங்கள் காதில் விழும். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறார். சொல்ல வேண்டியதைப் போனில் டைப் அடிப்பார். அது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்யூட்டர் அதை அவருடைய பழைய குரலில் சொல்லும். டைப் அடித்து முடித்ததற்கும் குரல் வருவதற்கும் நடுவில்தான் அந்த ஐந்து வினாடி.

ஐந்து வினாடியெல்லாம் ஒரு தாமதமா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அடுத்த முறை யாராவது உங்களிடம் "சாப்டாச்சா?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் மனசுக்குள் ஐந்து எண்ணிப் பாருங்கள். மூன்று எண்ணுவதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள். எங்கள் வீட்டில் தினமும் அதுதான் நடந்தது. கூரியர்காரர் கதவுக்கு வெளியே "சார் பேர் இன்னா?" என்பார். உள்ளேயிருந்து பெயர் கேட்கும்போது அவர் கீழ்ப் படியில் இறங்கிக்கொண்டிருப்பார். சைதாப்பேட்டையிலிருந்து வரும் என் நாத்தனார், அதாவது இவருடைய அக்கா, தம்பியிடம் கேள்வி கேட்டுத் தானே பதிலும் சொல்லி, அந்தப் பதிலுக்குக் கோபித்தும் முடித்திருப்பார். அப்புறம் ஸ்பீக்கரிலிருந்து இவருடைய பதில் வரும். எல்லோரும் ஒரு கணம் நிறுத்தி, "ஓ, அதுக்கா" என்று சொல்லிவிட்டு மறுபடி பேச ஆரம்பிப்பார்கள்.

பேச்சில்தான் இவர் பிழைத்தார். தி.நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் இருபது வருஷத்துக்கு மேல் கவுண்ட்டரில் நின்றவர். மழைக்கு ஒதுங்கினவர்கள்கூட இவரிடம் மாட்டினால் கையில் பையோடுதான் வெளியே போவார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு முதலாளி இவரை வேலையை விட்டு அனுப்பவில்லை, குடோனில் விலைச் சீட்டு ஒட்டும் வேலை கொடுத்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் அங்கே பேச ஆள் கிடையாது, பேச வேண்டியதும் கிடையாது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். "இந்த மாதிரி ஆபரேஷன் ஆனவங்க நிறைய பேர் ஒரு கட்டத்துல பேசறதையே விட்டுடுவாங்கம்மா. வழி இருந்தாலும் விட்டுடுவாங்க. அப்படி விட்டுட்டா திரும்பக் கொண்டு வர்றது ரொம்பக் கஷ்டம். இவர விட விடாதீங்க." அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இவராவது, பேச்சை விடுவதாவது.

கழுத்தில் வைத்து அழுத்தினால் வண்டு மாதிரி இரைகிற ஒரு கருவி கொடுத்தார்கள். கதிர்வீச்சு வைத்த கழுத்து பலகையாகியிருந்ததால் அது சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு பீரோவுக்குள் வைத்துவிட்டார். போனே படித்துச் சொல்லும் வசதி இருந்தது, அதில் ஒரு பெண் குரல். "இந்தப் பொம்பள யாரு நம்ம வூட்ல?" என்று எழுதிக் காட்டினார். குரலை அனுப்பினால் அதே குரலில் பேசித் தரும் கம்பெனிகள் இணையத்தில் இருக்கின்றன. அதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. தன்னிடம் மிச்சம் இருக்கிறதே அந்தக் குரல்தான், அதையும் எவனுக்கோ தூக்கிக் கொடுப்பதா என்று கோபம்.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். சைதாப்பேட்டையில் இரண்டு ஸ்டூடியோக்காரர்கள் எனக்கு வேலை தருவார்கள். அதற்காக வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. வாங்கி வருஷங்கள் ஆகிவிட்டன, ஆனால் நல்ல ஜாதி. தேடித் தேடி, வெளியே எங்கும் எதையும் அனுப்பாமல் வீட்டிலேயே ஓடுகிற ஒரு இலவசப் புரோகிராமைக் கண்டுபிடித்தேன். அதற்கு அவர் பேசிய பதிவுகள் வேண்டும். அங்கேதான் இடித்தது. ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் ஒருத்தருக்கொருத்தர் பேசுவதை எதற்குப் பதிவு செய்யப்போகிறோம்? என் போனில் இவர் குரல் என்று தேடினால் ஒன்றுமே தேறவில்லை. கடைசியில் கிடைத்தது கடை போனிலிருந்துதான். ஊரில் உள்ள அத்தனை அக்காக்களுக்கும் அம்மாக்களுக்கும் இவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்திகள், வண்டி வண்டியாக. "அக்கா, இந்த பார்டரப் பாருங்க, ரெட்டப் பேட்டு, ரெண்டு ஓரமும் ரெண்டு கலரு, வெளிச்சத்துல வச்சா இன்னும் தூக்கும்."

அதனால் புரோகிராம் கற்றுக்கொண்டது இவருடைய கவுண்ட்டர் பேச்சை. எதைச் சொன்னாலும் புடவை விரித்துக் காட்டுகிற ராகத்தில்தான் சொல்லும். ஒருநாள் காலையில் "இருமும்போது கொஞ்சம் ரத்தம் வந்துது" என்று டைப் அடித்தார். கம்ப்யூட்டர் அதை, புதுசாக இறங்கின சரக்கைப் போல அவ்வளவு ஆசையாகச் சொன்னது. முதலில் இரண்டு பேருமே சிரித்தோம். அவர் சிரித்தால் சத்தம் வராது, வயிறு மட்டும் குலுங்கும். போகப் போகச் சிரிக்கவில்லை.

ராகத்தை என்னால் மாற்ற முடியாது. தாமதத்தைக் குறைக்கலாம் என்று தோன்றியது. இதுமாதிரி வேலைக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு இருந்தால் பேச்சு உடனே வரும். என்னுடைய கார்டு போன கோடையில் செத்துப்போனது. புதுசு வாங்குகிற நிலைமையில் நாங்கள் இல்லை. ஆக எல்லா பாரமும் ப்ராசஸர் தலையில். அது வேகத்தைப் பூட்டாமல் விட்டிருக்கிற ரகம். கம்பெனி நிர்ணயித்த வேகத்துக்கு மேலே நம் பொறுப்பில் ஓட்டிக்கொள்ளலாம். அதற்குப் பெயர் ஓவர்கிளாக்கிங். விளையாட்டுப் பைத்தியங்கள் செய்கிற காரியம். நான் என் வீட்டுக்காரரைப் பேச வைக்கச் செய்தேன்.

எனக்கு அவசர புத்தி உண்டு. இந்தக் காரியத்துக்கு ஆகவே ஆகாத புத்தி அது. பயாஸ் என்கிற உள் அமைப்புக்குள் போய் எண்ணை மாற்றுவது ஒரு நிமிஷ வேலை. அந்த வேகத்தில் மெஷின் விழாமல் நிற்குமா என்று பார்ப்பதுதான் நாள் கணக்காக இழுக்கும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். வேகத்தை ஒரு படி ஏற்றி, சோதனை ஓட்டி, விழுந்தால் வோல்ட்டேஜை மயிரிழை கூட்டி, மறுபடி சோதனை. வோல்ட்டேஜுக்கு ஒரு எல்லை வைத்துக்கொண்டு என்ன ஆனாலும் அதைத் தாண்டக் கூடாது. சூடு தொண்ணூறு டிகிரியை நெருங்கினால் இறங்கிவிட வேண்டும். வேகத்தை ஏற்றும்போது மெமரியைத் தொடவே கூடாது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும். ஒரே அச்சில் ஒரே நாளில் செய்த இரண்டு ப்ராசஸரில் ஒன்று அனாயாசமாக ஏறும், இன்னொன்று முக்கும். நமக்கு வாய்த்தது எது என்று விழுகிற வரைக்கும் தெரியாது.

கம்பெனி கொடுத்த சின்ன ஃபேன் போதாது என்று தெரிந்து கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பெரிய கூலரை எடுத்து மேஜையில் வைத்தார், இரண்டு ஃபேன் வைத்தது, செங்கல் கனம்.

"இன்னா மேடம், கேம் ஆடவா?"

"வீட்டுக்காரருக்கு."

"இந்த வயசுல இன்னா கேம் ஆடறாரு?"

"கேம் இல்ல. பேசறாரு."

அவர் கூலரைப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் பூசுகிற தெர்மல் பேஸ்ட் ட்யூப் ஒன்றைக் கூடவே போட்டு, "பட்டாணி சைஸு வச்சா போதும், ஜாம் மாதிரி பூசாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். என்ன புரிந்துகொண்டாரோ தெரியாது.

ஏப்ரலில் ஆரம்பித்தது என் கெட்ட நேரம். இணையத்தில் எழுதுகிறவர்கள் எல்லாம் அறை வெப்பம் இருபத்திரண்டு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில் இரண்டாவது மாடி, மேலே மொட்டை மாடி, மத்தியான வெயிலில் எங்கள் ஹாலில் உட்கார்ந்தால் மனுஷனுக்கே மூளை உருகும். ஏசி இருப்பது படுக்கை அறையில் மட்டும். கம்ப்யூட்டரை அங்கே தூக்கிப் போனோம். அதனால் என்ன ஆயிற்று என்றால், இவரோடு பேச வேண்டும் என்றால் யாராக இருந்தாலும் எங்கள் கட்டிலில் வந்து உட்கார வேண்டும். கீழ் வீட்டு மாமா ஒரு தடவை வந்து கட்டில் விளிம்பில் கூச்சத்தோடு உட்கார்ந்தார். அப்புறம் வரவில்லை.

வெள்ளிக்கிழமையானால் சூடு ஐந்தாறு டிகிரி ஏறியது. எனக்குக் காரணமே பிடிபடவில்லை. கூலரைக் கழற்றினேன், பேஸ்ட்டை வழித்துப் புதுசாக வைத்தேன், ஃபேன் திசையைத் திருப்பிப் பார்த்தேன். இணையத்தில் கேட்டால் ஜெர்மனியில் இருந்து ஒருத்தர் வோல்ட்டேஜைப் பற்றிப் பத்திப் பத்தியாக எழுதினார். கடைசியில் தெரிந்தது, சாம்பிராணி. வெள்ளி தோறும் வீடு முழுக்கப் புகை காட்டுகிறவள் நான்தான். முன்பக்க ஃபில்டர் அந்தப் புகையைக் குடித்துப் பிசுபிசுப்பாகி, சனிக்கிழமை நான் தூசி தட்டும் வரைக்கும் காற்றை விடவில்லை. ஜெர்மனிக்காரருக்கு இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நன்றி மட்டும் சொல்லிவிட்டேன்.

நாலே முக்கால் கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் அது விழாமல் நின்றது. காலையில் ஆரம்பித்த சோதனை விளக்கு வைக்கிற நேரம் வரை ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. அடுத்த நாள் பேச்சுப் புரோகிராமையே ஓயாமல் ஓடவிட்டேன், ஏனென்றால் சோதனையில் நிற்பது நிஜ வேலையில் விழுவதுண்டு. அதுவும் நின்றது. சூடு எண்பதைத் தொடவில்லை. நான் சந்தோஷத்தில் தனியாகக் கை தட்டினேன், அதைச் சொல்வதற்கு வெட்கம் இல்லை. ஐந்து வினாடி, நாலு வினாடியாகியிருந்தது.

நாலு. அவ்வளவுதான். வேகத்தை நாலில் ஒரு பங்கு ஏற்றினால் நேரம் எவ்வளவு குறையும் என்று ஆரம்பத்திலேயே எனக்குக் கணக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"பரவால்லமா, நல்லாத்தான் கீது" என்று சொன்னார் அவர், நாலு வினாடி கழித்து, வாடிக்கையாளருக்குச் சொல்கிற இனிப்போடு.

அந்த நாலையும் தாண்ட அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கவுண்ட்டர் மூளை. எதிரே வந்து உட்கார்கிறவள் அடுத்து என்ன கேட்பாள் என்பது இவருக்கு அவள் கேட்பதற்கு முன்னாலேயே தெரியும், இருபது வருஷம் அதில்தான் சோறு தின்றார். ஆகவே கேள்விக்கு முன்னாலேயே பதிலை அடிக்க ஆரம்பித்தார். அக்கா படியேறும் சத்தம் கேட்டதும் "சாப்ட்டேன்க்கா" என்று தயாராக இருக்கும். அக்கா செருப்பைக் கழற்றி "துன்னியாடா?" என்று கேட்டு முடிக்க, "சாப்ட்டேன்க்கா" என்று குரல் வரும். நாத்தனாருக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. "அய்ய, மிசினு செம ஃபாஸ்ட்டாயிடுச்சே" என்று என் முதுகில் தட்டினார். ஒன்றும் ஃபாஸ்ட் ஆகவில்லை என்று நான் சொல்லவில்லை. அந்த இரண்டு மூன்று வாரம் வீட்டில் பேச்சு பேச்சு மாதிரி இருந்தது. என் கேள்விகளையும் அப்படித்தான் முன்கூட்டியே பிடித்தார். நான் என்ன கேட்பேன் என்று அவ்வளவு சரியாகத் தெரிந்திருக்கிறதே என்று எனக்கு ஒரு பக்கம் பூரிப்பு, ஒரு பக்கம் எரிச்சல்.

ஜூலையில் நாத்தனாரின் பெண்ணை ஒரு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாக ஏற்பாடு. ஞாயிறு சாயங்காலம் நாத்தனார் வந்தார். நேராகப் படுக்கை அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். இவர் நல்ல சேதி என்று முடிவு கட்டி, அக்கா படியேறும்போதே அடித்து வைத்து, கட்டிலில் உட்காரும்போதே அனுப்பிவிட்டிருந்தார். கம்ப்யூட்டருக்குப் போய்விட்டதைத் திரும்ப அழைக்க வழி இல்லை.

"பக்கத்து வூட்டு மாமா பூட்டாருடா" என்றார் நாத்தனார். "மத்யானம். துன்னுட்டுப் படுத்தவரு ஏந்திரிக்கல."

சின்ன வயசில் சைதாப்பேட்டையில் அந்த மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் இவர் பள்ளிக்கூடம் போனது.

"ரொம்ப ரொம்ப சந்தோஷம்க்கா" என்றது ஸ்பீக்கர். "எனக்குத் தெரியும், அமையும்னு. கலர் பாத்து எடுத்துடலாம்."

நாத்தனார் ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வுடு, மிசினுதானே, அதுக்கு இன்னா தெரியும்" என்றார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார். இவர் போனைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வாய் அசைந்தது. கழுத்து ஓட்டையில் காற்றுதான் வந்தது.

அதற்குப் பிறகு முன்கூட்டி அடிப்பதை நிறுத்திவிட்டார். நாலு வினாடி திரும்ப வந்தது. எனக்கு மெஷின் மேலேதான் ஆத்திரம் வந்தது. ஐந்து கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஏற்றிவிடுவது என்று இறங்கினேன். வைத்திருந்த வோல்ட்டேஜ் எல்லையை ஒரு துளி தாண்டினேன், கூடாது என்று தெரிந்தே. ஒரு முழு நாள் சோதனையில் நின்றது. அடுத்த நாள் மத்தியானம் நான் இவரிடம் "கஞ்சி போதுமா, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா" என்று கேட்டேன். "வேணாம்" என்று அடித்தார். குரல் "வேணா" வரைக்கும் வந்து அந்த "ணா"விலேயே நின்றுவிட்டது. நின்று இழுத்தது. மனுஷர் யாராலும் அவ்வளவு நேரம் மூச்சு விடாமல் கத்த முடியாது. கீழ் வீட்டுக்கே கேட்டிருக்கும். நான் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தேன், அவர் எழுந்து போய் ஸ்பீக்கரின் வாயை உள்ளங்கையால் பொத்தினார். அப்புறம் திரை நீலமானது, சத்தம் நின்றது.

மெஷின் அணைந்து விழுந்தால்கூட பரவாயில்லை, விழுந்தது தெரியும். பயப்பட வேண்டியது விழாமல் தப்பாகக் கணக்குப் போட்டுக்கொண்டே ஓடுவதற்குத்தான் என்று படித்திருந்தேன். அன்றைக்குத்தான் அதைக் காதால் கேட்டேன். மறுபடி நாலே முக்காலுக்கே இறக்கினேன். ஐந்தில் நின்றிருந்தால்கூடக் கால் வினாடி குறைந்திருக்காது. அதற்காக அவ்வளவு பாடு.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்குத் தொழில் சாமான் எதையும் எடுக்க மாட்டோம். என் கத்தரிக்கோல், கேமரா, அரிவாள்மணை, இவருடைய அளவுகோல், வண்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். கம்ப்யூட்டருக்கும் வருஷா வருஷம் உண்டு. இந்த வருஷம் நான் தயங்கினேன். நாத்தனார்தான், பொரியும் வெல்லமும் சுமந்துகொண்டு வந்தவர், "அதுக்கும் இன்னிக்கு லீவு வுடு, ஓடிக்கினே கீது பாவம்" என்றார். பிளக்கைப் பிடுங்கினேன். கூலர் மேலே படாமல் பக்கவாட்டில் மூன்று பொட்டு வைத்து ஒரு துண்டு மல்லிகைச் சரம் போட்டேன்.

அன்று பகல் பூராவும் இவருக்குக் குரல் கிடையாது. போனையும் எடுக்கவில்லை. எல்லோரும் ஹாலில் தரையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம். திடீரென்று இவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மேலே போர்த்திக்கொண்டு, முந்தானையைக் கடைக் கண்ணாடியில் பார்க்கிற ஒரு அம்மா மாதிரி நின்றார். விலையைக் கேட்டு மார்பில் கை வைத்தார். போகிற மாதிரி இரண்டடி வைத்துத் திரும்பினார், யாராவது கூப்பிடுகிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதுன்டா, போதுன்டா" என்று கெஞ்சினார். நான் சிரித்து அழுதுவிட்டேன். அவர் முகத்தை நான் எத்தனை நாளாகப் பார்க்கவில்லை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை, மறுநாள்தான் உறைத்தது.

மறுநாள் விஜயதசமி. எடுத்து வைத்ததை எல்லாம் அன்று தொட்டு ஆரம்பிக்க வேண்டும். காலையில் குளித்துவிட்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். சூடு, வோல்ட்டேஜ் எல்லாம் சரியாக இருந்தது. போனை அவர் கையில் கொடுத்து, "ஏதாவது ஒரு நல்ல வார்த்தை அடிங்க, இன்னிக்கு ஆரம்பிக்கணும்" என்றேன்.

அடித்தார். அனுப்பவில்லை. போனைத் திருப்பி என்னிடம் காட்டினார்.

"நான் பேசறப்ப எல்லாரும் அந்தப் பொட்டியதான் பாக்கறாங்க. என்ன யாரும் பாக்கறதில்ல. நீயும்தான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யாருக்காக இதைச் செய்தேன், ஏப்ரலிலிருந்து யாருக்காக இந்தச் சூட்டில் வெந்தேன் என்று கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்த முடியாது என்பது தெரிந்தும் கத்தினேன். அவர் போனைக் கட்டிலில் வைத்துவிட்டு எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தார். அதற்கப்புறம் அந்தப் புரோகிராமுக்கு அவர் ஒரு வார்த்தைகூட அனுப்பவில்லை.

எழுதிக் காட்டுங்களேன், அதுவாவது செய்யுங்கள் என்றேன். கொஞ்ச நாள் எழுதினார். "பால்". "நாளைக்கு கடை லீவு". பிறகு அதுவும் குறைந்தது. துண்டைப் போர்த்திக்கொண்டு ஒரு அம்மாவை நடித்துக் காட்டிவிடலாம். ராத்திரி பயமாக இருக்கிறது என்பதையும், ரத்தம் மறுபடி வருகிறது என்பதையும் யார் நடித்துக் காட்டுவார்கள்? அந்த ரத்தத்தை நான் தலையணை உறையில்தான் பார்த்தேன். கேட்டால் தோளைக் குலுக்கினார். ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் பதில் சொன்னேன். எத்தனை நாளாக என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இவரைப் பார்த்தேன். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மாவின் அறை அதே வராந்தாவில்தான். கதவு திறந்திருந்தது. நான் உள்ளே போகவில்லை.

தீபாவளி முடிந்து முகூர்த்த மாதம் வந்ததும் ஸ்டூடியோவிலிருந்து வேலை வர ஆரம்பித்தது. வீடியோ எடிட்டுக்கு நாலே முக்கால் தேவையில்லை, கரண்ட்டுக்குத்தான் கேடு. பயாஸுக்குள் போய், ஆதியில் இருந்த மாதிரி ஆக்கு என்கிற ஒரு பொத்தானை அழுத்தினேன். நிச்சயமா என்று கேட்டது, ஆமாம் என்றேன். மாதக்கணக்கில் படிப்படியாக ஏற்றியது ஒரு நிமிஷத்தில் இறங்கிவிட்டது. பேச்சுப் புரோகிராமை அழிக்கவில்லை. அழிக்க மனசு வரவில்லை, திறக்கவும் வரவில்லை. கம்ப்யூட்டரை ஹாலுக்கு மாற்றினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் போன் செய்தார். அவருக்கு முழங்கால் வலி, இப்போதெல்லாம் பஸ் ஏற முடிவதில்லை. "தம்பியக் கூப்புடு, ஸ்பீக்கர்ல போடு" என்றார். இவர் எனக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தேன்.

நாத்தனார் ஆரம்பித்தார். பெண்ணுக்கு ஒரு வழியாக நிச்சயம் ஆகிவிட்டது, பையன் வீட்டில் ஒரு தொந்தரவும் இல்லை, புடவைக்கு மட்டும் தாய்மாமன் வந்தே ஆக வேண்டும். "வேற எவன் காட்டினாலும் எனுக்கு வேணாம்டா. நீ கூட நின்னாப் போதும், நீ வாயத் தொறக்கவே வேணாம், கண்ணக் காட்டு, நான் எடுத்துக்கறேன்" என்றார்.

இவர் கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் எழுந்தார். பால்கனிக்குப் போய்க் கொடியில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட ஆரம்பித்தார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நான் கையை ஆட்டினேன். திரும்பவில்லை.

நாத்தனார் விடாமல் பேசிக்கொண்டே இருந்தார். சின்ன வயசில் தம்பி செய்த ஏதோ ஒரு சேட்டையைச் சொல்லித் தானே சிரித்தார். பிறகு, "கேக்கறானா?" என்றார்.

"கேக்கறாருக்கா" என்றேன்.

"சிரிக்கிறானா?"

பால்கனியில் அவர் ஒரு சட்டையை உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்கிறாருக்கா" என்றேன்.